பின்பால் மெஷின் வாங்கப்போகிறீர்களா? பத்து வருடம் தாங்குவது எது என்று பார்க்கும் முறை

வெளிவந்து இரண்டு வருடம் ஆகாத பின்பால் மெஷினை, அதாவது சாய்ந்த பலகையில் உருளும் எஃகுப் பந்தை ஃபிளிப்பர் என்ற துடுப்புகளால் அடித்து ஆடும் மெஷினை, யார் புகழ்ந்தாலும் பாதியைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள். புகழ்பவர் பொய் சொல்கிறார் என்பதில்லை. அந்த வயதில் மெஷினைப் பற்றித் தெரிய வேண்டியது யாருக்கும் தெரிந்திருக்காது. மென்பொருள் முடிந்திருக்காது, மரப்பலகையின் மேல்பூச்சு எப்படித் தேயும் என்று தெரியாது, எந்தப் பாகம் முதலில் உடையும் என்பதும் தெரியாது.

அமெரிக்காவில் வீட்டு பேஸ்மென்டில் ஒரு மெஷின் வைக்கலாம் என்று ஆசைப்பட்டு, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு குளிர்காலம் முழுவதும் சிகாகோவின் புறநகர்களில் அடுத்தவர் வீட்டு பேஸ்மென்டுகளில் குனிந்து நிமிர்ந்து கற்றுக்கொண்டவை இவை. பின்பாலின் வரலாறு இங்கே கிடையாது.

1. பணத்தை முதலில் எண்ணுங்கள்

இன்று அதிகம் விற்பவை ஸ்டெர்ன் கம்பெனியின் மெஷின்கள். இல்லினாய் மாநிலத்தின் எல்க் குரோவ் வில்லேஜில் தயாராகின்றன. ஒரே விளையாட்டு பெரும்பாலும் மூன்று தரத்தில் வரும்: ப்ரோ, ப்ரீமியம், எல்.இ. (லிமிடெட் எடிஷன்). புதிதாக வாங்கினால் ப்ரோ சுமார் 7,000 டாலர், ப்ரீமியம் 9,700, எல்.இ. 13,000. ஜெர்சி ஜாக் கம்பெனியின் மெஷின்களில் உயர்தரப் பதிப்பு 15,000 வரை போகும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு என் யோசனை: மூன்று முதல் எட்டு வயது வரையுள்ள, வீட்டில் மட்டும் இருந்த, பயன்படுத்திய மெஷின். விலைக்கு மேல் குறைந்தது 500 டாலரைத் தனியாக வையுங்கள். வேன் வாடகை, புதிய பந்துகள், ரப்பர் வளையங்கள், ஃபிளிப்பர் பாகங்கள், மெழுகு என்று அது கரைந்துவிடும். வேறு மாநிலத்திலிருந்து லாரியில் வரவழைத்தால் இன்னும் சில நூறு டாலர் ஆகும்.

2021 வாக்கில் பழைய மெஷின்களின் விலை தாறுமாறாக ஏறியது, பிறகு இறங்கியது. அந்த உச்சத்தில் வாங்கியவர்கள் தாங்கள் கொடுத்த விலையையே கேட்பார்கள். அவர்களுடைய நஷ்டத்தை நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

2. மெஷினின் வயதைக் கேளுங்கள்

இப்போதைய மெஷின்கள் பெரும்பாலும் அரைகுறை மென்பொருளோடுதான் கடைக்கு வருகின்றன. 2016-ல் வந்த பேட்மேன் 66 நல்ல உதாரணம். வந்தபோது, எதை அடித்தால் என்ன நடக்கும் என்ற விதிகளில் பெரும்பகுதி இல்லை. அடுத்த சில வருடங்களில் ஒவ்வொன்றாகச் சேர்ந்து, இன்று ஆழமான ஆட்டங்களில் ஒன்றாகப் பேசப்படுகிறது. தி வாக்கிங் டெட் மெஷினுக்கும் பெயர் வாங்கிக் கொடுத்தது பின்னால் வந்த மென்பொருள்தான். இரண்டுக்கும் நிரல் எழுதியவர் லைமன் ஷீட்ஸ். தொண்ணூறுகளின் அட்டாக் ஃப்ரம் மார்ஸும் மெடீவல் மேட்னஸும் அவர் கை பட்டவை. விளம்பரத்தில் வடிவமைப்பாளர் பெயர்தான் பெரிதாக இருக்கும். நிரல் எழுதியவர் யார் என்றும் விசாரியுங்கள். நூறாவது ஆட்டத்திலும் உங்களை உட்கார விடாமல் நிறுத்தி வைப்பது அவருடைய வேலை.

விற்பவரிடம் மெஷினில் எந்த மென்பொருள் பதிப்பு இருக்கிறது, கம்பெனியின் தளத்தில் கடைசிப் பதிப்பு எப்போது வந்தது என்று கேளுங்கள். பதிப்பு எண் 1.0-ஐத் தாண்டாமல் நீண்ட காலம் கிடந்தால் அந்த மெஷினைக் கம்பெனி கைவிட்டிருக்கலாம். “அப்டேட் வரும், வந்தால் பிரமாதமாக இருக்கும்” என்ற பேச்சுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

3. காசு போட்டு ஆடிப் பாருங்கள்

பின்பால் மேப் என்ற செயலி எந்த ஊரில், எந்தக் கடையில், எந்த மெஷின் இருக்கிறது என்று காட்டும். ஓர் ஆட்டத்துக்கு ஒரு டாலர் என்றே வைத்துக்கொண்டாலும், 7,000 டாலர் போடுவதற்கு முன் ஐம்பது டாலரை அங்கே செலவழிப்பது சிக்கனம். ஒரே நாளில் ஐம்பதையும் தீர்க்காதீர்கள். மூன்று நான்கு வாரம் விட்டுவிட்டுப் போங்கள். முதல் நாள் எல்லா மெஷினும் அழகுதான்.

ஆடும்போது கவனிக்க வேண்டியவை:

பந்து கைதவறிப் போகும்போது யார் மேல் கோபம் வருகிறது? உங்கள் மேல் வந்தால் அந்த மெஷின் உங்கள் வீட்டில் நிலைக்கும். “நான் சரியாகத்தான் அடித்தேன், இது என்ன அநியாயம்” என்று மெஷின் மேல் கோபம் திரும்பத் திரும்ப வந்தால் ஆறு மாதத்தில் அதை விற்றுவிடுவீர்கள்.

ராம்ப் என்ற ஏற்றப் பாதையில் ஏறிய பந்து எங்கே வந்து இறங்குகிறது? நல்ல அமைப்பில் அது வேகம் குறையாமல் ஃபிளிப்பருக்கே திரும்பி, அடுத்த அடிக்குத் தயாராக நிற்கும். கீத் எல்வின் வடிவமைத்த அயர்ன் மெய்டன் (2018), ஜுராசிக் பார்க் (2019), காட்ஸில்லா (2021) மூன்றிலும் இந்த ஓட்டத்தைப் பார்க்கலாம். எல்வின் போட்டிகளில் பலமுறை பட்டம் வென்ற ஆட்டக்காரர். பந்து எங்கே போனால் அடுத்து என்ன ஆகும் என்று ஆடியே அறிந்தவர்.

காதையும் தீட்டுங்கள். மெஷின் பேசும் வசனங்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை திரும்ப வருகின்றன? உங்களுக்குப் பழகிவிடும். மேலே சமையலறையில் இருப்பவருக்குப் பழகாது. இசைக்குழுக்களின் பெயரில் வரும் மெஷின்களில் இது இன்னும் கறார்: அந்தப் பாட்டு பிடிக்காதென்றால் மெஷினும் வேண்டாம்.

ஆட்டத்தின் நீளம் முக்கியம். வீட்டில் ஒரே மெஷின்தான் என்றால் விதிகள் ஆழமாக இருக்கட்டும். 2003-ல் வந்த லார்ட் ஆஃப் த ரிங்ஸ் இன்றும் விலைபோவதற்கு அந்த ஆழமே காரணம். கை தேர்ந்தவர் ஓர் ஆட்டத்தையே முக்கால் மணி நேரம் இழுப்பார். ஆனால் விருந்தாளிகள் நான்கு பேர் வரிசையில் நின்றால் அதே நீளம் தொல்லை. விருந்தாளிகளும் பிள்ளைகளும் அடிக்கடி ஆடும் வீட்டுக்கு அட்டாக் ஃப்ரம் மார்ஸ் போன்றது பொருந்தும். நடுவில் பறக்கும் தட்டு இருக்கிறது, அதை அடிக்க வேண்டும். இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

4. ப்ரோ போதுமா, ப்ரீமியம் வேண்டுமா

கடைக்காரர் ப்ரீமியத்தை நோக்கித் தள்ளுவார். பொம்மைகள் அதிகம், அசையும் பாகங்கள் அதிகம். அசைவது அத்தனையும் ஒருநாள் நிற்கும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

சில மெஷின்களில் ப்ரீமியத்தின் கூடுதல் பாகம் ஆட்டத்தையே மாற்றுகிறது. காட்ஸில்லா ப்ரீமியத்தில் கட்டடம் சரியும், பாலம் உடையும். அவற்றுக்காகக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். ஜுராசிக் பார்க் ப்ரீமியத்தில் டைனோசர் பந்தை வாயில் கவ்வும். பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் ப்ரோவின் ஆட்டமே முழுமையாக இருக்கிறது, வேகமும் கூட. ஏசி/டிசி என்ற இசைக்குழுவின் பெயரில் வந்த மெஷினின் ப்ரீமியத்தில் அடியில் ஒரு குட்டிப் பலகை உண்டு. சிலருக்கு அது உயிர், எனக்கு அது தடை.

எல்.இ. பதிப்பு பெரும்பாலும் ஓவியத்துக்கும் எண் பொறித்த தகட்டுக்கும்தான். பெட்டியின் பக்கத்து ஓவியத்துக்கு 3,000 டாலர் கொடுப்பது உங்கள் விருப்பம். விற்கும்போது அது திரும்ப வரும் என்று மட்டும் நம்பாதீர்கள். அபூர்வம் என்பதற்காக ஏறிய விலை எப்போது வேண்டுமானாலும் இறங்கும். மெடீவல் மேட்னஸ் 1997-ல் 4,016 மெஷின்களோடு நின்றுபோனது. 2015-ல் சிகாகோ கேமிங் கம்பெனி அதை மறுபடி தயாரித்தது. அதுவரை கேட்ட விலையைப் பழைய மெஷின்காரர்களால் அப்படியே கேட்க முடியவில்லை. ஸ்டெர்னும் நன்றாக ஓடிய மெஷின்களைத் திரும்பத் திரும்பத் தயாரிக்கிறது. விற்பவருக்கு இது கெட்ட செய்தி. வாங்குபவருக்கோ, இத்தனை வருடம் கழித்தும் ஆள் கேட்கிறார்கள் என்பதைவிடப் பெரிய சான்றிதழ் கிடையாது. 2013-ல் வந்த மெட்டாலிக்காவைப் புதிய மின்பாகங்களோடு 2024-ல் மீண்டும் கொண்டுவந்தார்கள்.

5. உள்ளே என்ன மின்சுற்று என்று தெரிந்துகொள்ளுங்கள்

சாம் என்பது ஸ்டெர்ன் 2006 முதல் சுமார் எட்டு வருடம் பயன்படுத்திய மின்சுற்று அமைப்பு. அயர்ன் மேன், ட்ரான், ஏசி/டிசி, ஸ்டார் ட்ரெக், முதல் மெட்டாலிக்கா எல்லாம் அதில்தான் ஓடின. காயில்களை (ஃபிளிப்பர் போன்றவற்றை அசைக்கும் மின்காந்தச் சுருள்களை) இயக்கும் பெரிய போர்டு, மெஷினின் தலையாக நிற்கும் பின்பெட்டியில் இருக்கும். டிரான்சிஸ்டர் ஒன்று எரிந்தால், பற்றவைக்கத் தெரிந்தவர் சில டாலர் செலவில் மாற்றிவிடலாம்.

அதற்குப் பின் வந்தது ஸ்பைக். பலகைக்கு அடியில் நோட் போர்டு என்ற சிறு சுற்றுகள் ஆங்காங்கே இருக்கும். ஒயர் குறைவு, எடையும் குறைவு. ஆனால் போர்டில் உள்ள பாகங்கள் மிகச் சிறியவை. வீட்டில் பழுது பார்ப்பது கடினம், போர்டையே மாற்ற வேண்டிவரும். ஸ்பைக்கின் இரண்டாவது தலைமுறை பேட்மேன் 66-லிருந்து தொடங்குகிறது, எல்.சி.டி. திரையும் அதோடுதான் வந்தது. முதல் தலைமுறை மெஷினை வாங்குவதானால் அதன் போர்டுகள் இப்போது கிடைக்கின்றனவா என்று பாகம் விற்கும் கடையில் முன்கூட்டியே கேளுங்கள். ஜெர்சி ஜாக்கின் மெஷின்களுக்குள் இருப்பது சாதாரணக் கணினி மதர்போர்டு. அது ஒருவகையில் நிம்மதி. அவர்களுடைய முதல் மெஷினான விசார்ட் ஆஃப் ஓஸில், ஆரம்பத்தில் வந்தவற்றின் விளக்குப் போர்டுகள் தொல்லை கொடுத்தவை. அதை வாங்கும்போது போர்டுகள் மாற்றப்பட்டனவா என்று கேட்பது அவசியம்.

சின்னக் கம்பெனிகளின் மெஷின்கள் அழகானவை, எனக்கும் ஆசை உண்டு. முதல் மெஷினாக வேண்டாம். வேல்ஸ் நாட்டின் ஹைவே பின்பால் 2018-ல் மூடியபோது ஏலியன் மெஷினுக்குக் காத்திருந்தவர்களும் வாங்கியவர்களும் பாகங்களுக்கு யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்றார்கள். இன்னும் தயாராகாத மெஷினுக்கு முன்பணம் கட்டுவது இந்தத் துறையில் பலரை அழவைத்த பொறி.

6. நேரில் பார்க்கும் நாள்

இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். போவதற்கு முன் தேதியும் உங்கள் பெயரும் எழுதிய தாளை மெஷின் மேல் வைத்து ஒரு படம், வரிசை எண் தெரியும்படி ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். திருட்டுப் படத்தைப் போட்டு முன்பணம் பறிப்பவர்கள் இங்கேயே கழிந்துவிடுவார்கள். “நான் வரும்வரை மெஷினைப் போடாதீர்கள்” என்றும் சொல்லிவையுங்கள். குளிர்ந்த மெஷின் எப்படி எழுகிறது என்று பார்க்க வேண்டும்.

கையில் டார்ச், மென்மையான துணி, ஒரு பழைய போர்வை. போர்வை எதற்கென்றால், சிலர் பலகையைத் தூக்கிக் காட்டத் தயங்குவார்கள். பெட்டியின் விளிம்பில் கீறல் விழாமல் இருக்க நீங்களே விரிக்கலாம்.

எண்ணிக்கைகளை முதலில் பாருங்கள். காயின் டோரைத் (முன்பக்கம் காசு போடும் கதவை) திறந்தால் உள்ளே பொத்தான்கள் இருக்கும். அவற்றை அழுத்தினால் திரையில் வரும் பட்டியலில் மொத்த ஆட்டங்கள் எத்தனை என்று தெரியும். வீட்டு மெஷினுக்குச் சில நூறு முதல் இரண்டாயிரம் வரை சாதாரணம். ஆனால் இந்த எண்ணை அழித்துப் பூஜ்யத்திலிருந்து தொடங்க முடியும். எனக்கு ஒரு வீட்டில் முந்நூறு ஆட்டம் என்று காட்டிய மெஷினின் உடம்பு ஐயாயிரம் பேசியது. மாட்டின் வயதைப் பல்லில் பார்ப்பதுபோல, மெஷினின் வயதை ஷூட்டர் லேனில் பாருங்கள். பந்தை விடும் அந்த ஒடுக்கமான பாதையில், மரத்தில் கருத்த பள்ளக்கோடு விழுந்திருந்தால் அது நிறைய உழைத்த மெஷின்.

அடுத்தது பலகை. பிளேஃபீல்டு என்று சொல்லும் ஆட்டப்பலகை ஒட்டுமரத்தால் ஆனது. மேலே ஓவியம், அதற்கு மேல் கண்ணாடி போன்ற பூச்சு. கண்ணாடி மூடியை எடுக்கச் சொல்லி, டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து வெளிச்சம் சாய்வாக ஓடும்படி பிடியுங்கள். நேராகப் பார்த்தால் தெரியாததெல்லாம் தெரியும். நூற்றுக்கணக்கான சிறு குழிகள் தெரிந்தால் பதற வேண்டாம். 80 கிராம் எஃகுப் பந்து விழுந்தால் மரம் குழியும். எல்லா மெஷினிலும் உண்டு, நாளடைவில் சமமாகிவிடும். பயப்பட வேண்டியவை வேறு. கம்பங்களின் அடியில் பூச்சு திரண்டு மடிப்பாக நிற்கிறதா? பெயர்ந்து மரம் தெரிகிறதா? 2018, 2019 வாக்கில் வந்த பல மெஷின்களில் இந்தக் குறை பெரிய சர்ச்சையானது. அந்த வருட மெஷின் என்றால் ஒவ்வொரு கம்பத்தையும் பாருங்கள். பந்து விழுந்து எழும் குழிகளின் விளிம்பு, டிராப் டார்கெட்டுக்கு (பந்து பட்டதும் கீழே இறங்கும் இலக்குக்கு) முன்னால் உள்ள இடம், காந்தத்தைச் சுற்றிய வட்டம் மூன்றும் முதலில் தேயும். விளக்கு எரியும் நிறச் சில்லுகளின் மேல் விரல்நகத்தை ஓட்டுங்கள். நகம் தட்டுப்பட்டால் சில்லு மேலெழுந்திருக்கிறது என்று பொருள். அதைச் சுற்றி வெள்ளை வளையம் தெரிந்தால் பூச்சு விலகத் தொடங்கிவிட்டது. தேய்ந்த ரப்பரையும் மங்கிய விளக்கையும் மாற்றலாம். பலகையை மாற்றுவது என்றால் மெஷின் முழுவதையும் கழற்றி மாட்டும் வேலை. ஆயிரம் டாலருக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு அடிப்பக்கம். மின்சாரத்தை நிறுத்தி, பந்துகளை எடுத்துவிட்டு, பலகையைத் தூக்கச் சொல்லுங்கள். கருகிய காயில், முறுக்கி டேப் சுற்றிய ஒயர், பெட்டியின் தரையில் சிதறிய திருகுகள் ஒவ்வொன்றும் விலையைக் குறைக்கும் வாதம். ஃபிளிப்பர்களின் அடியில் கருந்தூள் அப்பியிருந்தால் எண்ணிக்கைப் பட்டியலை மறந்துவிடலாம். சாம் மெஷினோ அதற்கு முந்தியதோ என்றால் பின்பெட்டியில் பேட்டரியைப் பாருங்கள். கசிந்து பச்சை பூத்திருந்தால் போர்டைத் தின்னத் தொடங்கிவிட்டது; திரும்பி வந்துவிடுங்கள்.

இப்போது மெஷினைப் போடுங்கள். மெனுவில் ஸ்விட்ச் சோதனையும் காயில் சோதனையும் இருக்கும், ஒவ்வொன்றாகப் பாருங்கள். காயின் டோர் திறந்திருந்தால் பாதுகாப்புக்காகக் காயில் மின்சாரம் நின்றுவிடும். புதியவர்கள் இதைப் பழுது என்று நினைத்துப் பயப்படுவார்கள். கதவருகே உள்ள ஸ்விட்சை வெளியே இழுத்தால் மின்சாரம் வரும். அதன் பிறகு கையை உள்ளே விடக் கூடாது.

கடைசியாக அரை மணி நேரம் ஆடுங்கள். சூடேறிய பிறகு ஃபிளிப்பர் சோர்ந்து, முதலில் ஏறிய ராம்பில் பந்து பாதியில் திரும்புகிறதா? ஃபிளிப்பர் பாகங்கள் தேய்ந்திருக்கின்றன. மாற்ற அதிகம் ஆகாது, ஆனால் பேரத்துக்கு உதவும்.

7. எழுதி வாங்க வேண்டியவை

கார் போலப் பதிவுச் சான்று எதுவும் பின்பாலுக்குக் கிடையாது. ஆகவே விற்பனைச் சீட்டு ஒன்றை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். மெஷினின் பெயர், தரம், வரிசை எண், தொகை, தேதி, இருவர் கையெழுத்து. தெரிந்த குறைகளை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். திருட்டுப் பொருள் என்ற பேச்சு வந்தாலும், காப்பீட்டுக்காரர் கேட்டாலும் இந்தத் தாள்தான் பேசும். வீட்டுக் காப்பீடு இதை ஏற்குமா என்று முன்பே கேட்டுவையுங்கள்.

காயின் டோர் சாவி, பின்பெட்டிச் சாவி, கையேடு, உதிரிப் பை, எல்.இ. என்றால் சான்றிதழ் எல்லாவற்றையும் பணம் கொடுக்கும் முன் கையில் வாங்குங்கள். கையேடு தொலைந்திருந்தால் கவலையில்லை, ஸ்டெர்ன் தன் தளத்தில் இலவசமாகத் தருகிறது. சாவி தொலைந்தால் பூட்டைத் துளைக்க வேண்டும். 2021-க்குப் பிந்தைய மெஷின்களில் இணையக் கணக்கு இணைப்பு இருக்கும். விற்பவர் தன் கணக்கிலிருந்து மெஷினை உங்கள் கண் முன்னால் விடுவிக்கட்டும். புதிய மெஷின் என்றால் உத்தரவாதம் பலகைக்கு எத்தனை நாள், போர்டுகளுக்கு எத்தனை நாள் என்று தனித்தனியாக எழுத்தில் கேளுங்கள்.

8. வீட்டுக்குக் கொண்டுவருதல்

எடை 100 கிலோவுக்கு மேல். இரண்டு பேர், ஒரு தள்ளுவண்டி, ஒரு கார்கோ வேன் போதும். முதலில் பந்துகளை எடுங்கள்; உள்ளே உருளும் பந்து ஒரே பயணத்தில் பலகையைக் கெடுத்துவிடும். பின்பெட்டியை மடித்து, நடுவில் போர்வை வைத்துக் கட்டுங்கள். பிறகு கால்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு போல்ட். உங்கள் பேஸ்மென்ட் படி எங்கே திரும்புகிறது, அங்கே அகலம் எவ்வளவு என்று வாங்குவதற்கு முன்பே அளந்திருக்க வேண்டும். மெஷின் சுமார் 55 அங்குல நீளம். கால்களைக் கழற்றினாலும் அந்த நீளம் குறையாது.

வாங்கும் காலத்தைப் பற்றி ஒரு சொல்: புதிய மெஷின் அறிவிப்பு வந்த வாரங்களில் இடமில்லாதவர்கள் பழையதை விற்பார்கள். அக்டோபரில் சிகாகோ அருகே நடக்கும் பின்பால் எக்ஸ்போவில் ஒரே கூரையின் கீழ் பலவற்றை ஆடி ஒப்பிடலாம். கடைசி நாளில், திருப்பி ஏற்றிச் செல்ல மனமில்லாத விற்பனையாளரிடம் பேரம் படியும்.

9. முதல் வாரம்

எல்லாப் பந்துகளையும் மாற்றுங்கள். கீறிய பந்து உப்புத்தாள் போலப் பூச்சை உரசும். ஒரு புதிய பந்தின் விலை இரண்டு மூன்று டாலர்தான். பலகையைத் துடைத்து கார்னோபா மெழுகு பூசுங்கள். பலகையின் சாய்வு 6.5 டிகிரி இருக்கட்டும், கைபேசியிலேயே அளக்கலாம். இடவலமும் சமமா என்று பாருங்கள். வாட்டம் சரியில்லாத மெஷினை ஆடிவிட்டு “இதன் அமைப்பு மோசம்” என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். மென்பொருளைப் புதிதாக்கும் முன் இப்போதைய அமைப்புகளைக் கைபேசியில் படமெடுங்கள். ஸ்பைக் இரண்டாம் தலைமுறையில் மென்பொருள் முழுவதும் ஒரு எஸ்.டி. அட்டையில் இருக்கிறது, அதற்கு ஒரு நகல் எடுத்துக் காயின் டோருக்குள்ளேயே உறையில் போட்டு வையுங்கள். பழைய மெஷினில் பேட்டரி இருந்தால் புதியது மாட்டி, மாட்டிய தேதியை அதன் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். அதன் பிறகு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள்.